மூளை ஆய்வுக்கு ஆள் கேட்கும் அறிவிப்பில் பதிவு எண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஞாபக மறதியா? 60 வயதைக் கடந்தவரா? ஆய்வில் பங்கேற்கலாம், ஸ்கேன் இலவசம்’ என்று கட்டம் கட்டி வருகிற அறிவிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவற்றில் கைபேசி எண் இருக்கிறது. ‘இலவசம்’ தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆய்வின் பதிவு எண் மட்டும் பல நேரங்களில் இருப்பதில்லை. அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்பதே, இத்தகைய ஆய்வுகளில் களப்பணி செய்யும் எங்கள் கோரிக்கை.

மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சி.டி.ஆர்.ஐ. (CTRI) என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2007 ஜூலையில் தொடங்கிய இந்தப் பதிவேடு 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளுக்குக் கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1-இலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். எண்ணின் வடிவம் எளிது: சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், அடுத்து ஆண்டு, மாதம், கடைசியில் ஆறு இலக்கம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆய்வை நடத்தும் டாக்டர் யார், பணம் போடுவது யார், எந்தெந்த ஆஸ்பத்திரி, எந்த வயதுக்காரர்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணை அரசின் நற்சான்று என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வண்டியின் நம்பர் பிளேட் மாதிரிதான். ஓட்டுகிறவர் ஒழுங்கானவரா என்று அது சொல்லாது. இடித்துவிட்டுப் போனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும்.

மருந்தே இல்லாமல் கேள்வி கேட்டு, ரத்தம் எடுத்து, ஸ்கேன் மட்டும் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. அவற்றுக்கு இந்த எண் இல்லாமல் இருக்கலாம். அப்போது எந்த நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு) அனுமதித்தது, அனுமதி எண் என்ன என்று கேளுங்கள். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, மருந்து ஆய்வை அனுமதிக்கும் கமிட்டியில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் குறைந்தது பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரணர் ஒருவரும், பெண் ஒருவரும் கட்டாயம். இரண்டு எண்ணும் இல்லை, பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், ஓ.டி.பி. கேட்கிறார்கள் என்றால் போனை வைத்துவிடலாம். ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்குப் பங்கேற்பவர் பணம் கட்டுவதில்லை.

வேலூருக்கு இது புதிய சங்கதியும் அல்ல. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை 1949-இல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான் தொடங்கியது. ‘10/66’ என்ற பன்னாட்டு டிமென்ஷியா (மறதி நோய்) ஆய்வுக் குழு மக்களிடையே கணக்கெடுத்த இந்திய இடங்கள் இரண்டு: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். பெயரே கணக்குதான். குழு தொடங்கிய காலத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் ‘நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்’ என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அதனால் அவருக்கு மறதி நோய் என்று ஆகிவிடுமா? எழுதப் படிக்கத் தெரியாதவரையும் நியாயமாகச் சோதிக்கும் கேள்விகள் உருவானதில், திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்ன நம் கிராமத்துப் பெரியவர்களுக்கும் பங்குண்டு. வலிப்பு நோயும் அப்படித்தான். இந்த மாவட்டத்தில் எடுத்து 2006-இல் வெளியான கணக்கெடுப்பு, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்புழு தங்கியதே காரணம் என்று காட்டியது. மக்கள் சி.டி. ஸ்கேனுக்குச் சம்மதித்ததால் கிடைத்த விவரம் அது.

இன்று சம்மதம் கேட்கும்போது இரண்டு விதமான பதில் வருகிறது. ‘எங்களை எலியாக்கிப் பார்க்கிறீங்களா?’ என்பது ஒன்று. ‘இலவச வைத்தியமாச்சே, எங்கே கையெழுத்துப் போடணும்?’ என்பது மற்றொன்று. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது. ஆய்வு வைத்தியம் அல்ல. விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அதில் உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மூன்றாவதாக ஒரு சாரார், ‘எனக்கு மறதியே இல்லையே, நான் எதற்கு?’ என்பார்கள். உண்மையில் அவர்களைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். நோயுள்ள மூளையை ஒப்பிட அதே வயதில், அதே அளவு படித்த, நோயில்லாத மூளை வேண்டும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். ஒப்புதல் படிவத்தில் இரண்டு பகுதி. தகவல் தாள் பல பக்கம் ஓடும். கையெழுத்துத் தாள் சிறியது. அவசரத்தில் இரண்டாவதை முதலில் நீட்டுவதுதான் முதல் தப்பு. தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘இன்றைக்கே போட்டால்தான்’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். தமிழ்ப் படிவம் என்று கொடுப்பதிலும் பாதி தமிழாக இருக்காது. ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு’ என்று அச்சிட்டிருப்பார்கள். குலுக்கல் என்று எழுதினால் யாருக்கும் புரியும்: சீட்டுப் போட்டு எடுப்பதுபோல, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்று கம்ப்யூட்டர் பிரிக்கும், பல ஆய்வுகளில் கொடுக்கிற டாக்டருக்கும் எது எதுவென்று தெரியாது.

மருந்து ஆய்வின் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் என்று கட்டங்கள் வரும். வாரிசு என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பயப்படத் தேவையில்லை. ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் நஷ்டஈடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக விதியே கேட்கும் விவரம் அது. நஷ்டஈட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது: 8 லட்சம் ரூபாயை வயதுக்கான எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான 0.5 முதல் 4 வரையிலான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுப்பார்கள். வருமானம் அந்தக் கணக்கில் வரவே வராது. பீடி சுற்றுகிறவருக்கும் ஆபீசருக்கும் ஒரே சூத்திரம். ஆய்வில் சேர்ந்த ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு வந்தால், ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். சிகிச்சையும் இலவசம்.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர், படித்துக் காட்டும் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வராந்தாவில் போகிற அட்டெண்டரைக் கூப்பிட்டு, ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று வாங்கினால் அது சாட்சி ஆகாது. தேதியையும் கையெழுத்துப் போடுகிறவரே எழுத வேண்டும். நோய் முற்றி முடிவெடுக்க முடியாதவருக்குச் சட்டப்படி உரிமையுள்ள உறவினர் கையெழுத்திடலாம். அப்போதும் நோயாளிக்குப் புரிகிற அளவில் சொல்லியாக வேண்டும். அவர் தலையை ஆட்டி மறுத்தால் விட்டுவிடுவதே முறை. கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்கள் கைக்கு வராமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள். எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும். மிச்ச ரத்தத்தைப் பிற்கால ஆய்வுக்குப் பத்திரப்படுத்த அனுமதி கேட்கும் வரி தனியாக இருந்தால், அதற்கு மட்டும் ‘இல்லை’ என்று குறிக்கலாம்.

வருகிற நாளன்று சில்லறை விஷயங்களால்தான் பாதி ஆய்வு கெடுகிறது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிடுவார்கள். காது மெஷினைப் பேட்டரி போட்டுக் கொண்டுவர மாட்டார்கள். கேட்காததும் மறந்ததும் மதிப்பெண்ணில் ஒன்றாகவே தெரியும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு, ‘வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு’ என்றால் எதுவும் எழுத முடியாது. அட்டையோடு ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதென்றால் 8 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோயாளி மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு பட்டினியோடு பஸ் ஏறினால் வழியிலேயே மயக்கம் வரும். அதை எப்போது போடுவது என்று முந்தின நாளே போனில் கேட்டு, டிபனைக் கட்டிக்கொண்டு வாருங்கள். வெறும் வயிறு என்று பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. அன்று அளவு ஏறிக் காட்டும், ஆய்வுக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

‘ரத்தத்தை உறிஞ்சி எடுத்துடுவாங்க’ என்ற பேச்சு ஊரில் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வில் சாதாரணமாக எடுப்பது 20, 30 மில்லி, அதாவது நாலு முதல் ஆறு தேக்கரண்டி. ரத்ததானத்துக்கு 350 மில்லி எடுக்கிறார்கள். அளவைவிட நேரம்தான் பிரச்சினை. மூளைப் புரதங்களை அளக்கும் ரத்தத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அணைக்கட்டு ஊரிலிருந்து ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் வந்த குழாயில் எதை அளந்தாலும் அது கணக்கில் சேராது.

நினைவுச் சோதனையில் பத்து வார்த்தைகளை மூன்று தடவை காட்டியோ சொல்லியோ திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வேறு ஏதாவது கேட்டுவிட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கு சொல்ல முடியும் என்றும் கேட்பார்கள். ஆடு, மாடு, நாய் என்று வந்து தாத்தா நிற்கும்போது, பக்கத்தில் இருக்கிற மகள் ‘யானை’ என்று மெல்ல எடுத்துக் கொடுப்பார். பாசம்தான். ஆனால் அன்றைய தாள் வீண். கூட வந்தவரிடம் தனியாகப் பேச வேண்டிய பகுதி வேறு இருக்கிறது: பணக் கணக்கில் தடுமாற்றம் உண்டா, குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறாரா, தெரிந்த தெருவில் வழி தப்புகிறதா. இதற்குச் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மகன் சரிப்பட மாட்டார். அவர் ‘அப்பா நல்லாத்தான் இருக்கார்’ என்பார். ஒரே வீட்டில் சமைத்துப் போடும் மருமகளுக்குத்தான் தெரியும். அவரை அழைத்து வாருங்கள்.

முதல் பரிசோதனையிலேயே வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு என்று தெரிந்தால் சில ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள். தள்ளிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். இவையும் மறதியைத் தரும், இவற்றுக்கு மருந்து இருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே புறநோயாளி சீட்டுப் போடுங்கள்.

எம்.ஆர்.ஐ. என்றால் காந்தம். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் ஆபரேஷனில் வைத்த பழைய கிளிப், உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரியில் வைத்தது என்ற சீட்டும் வேண்டும். பெண்கள் தாலிச் சங்கிலி, மெட்டி, கொண்டை ஊசி, புடவையில் குத்திய ஊக்கு, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடாகலாம், படமும் கெடலாம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிடுகிறார்கள், நல்ல வழி. வருடக்கணக்காகக் கழற்றாத மெட்டியை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து மறந்துபோகும். உள்ளே 30 முதல் 45 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், இரைச்சல் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். எதிர்பாராமல் கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ தெரிந்தால் யார் சொல்வார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள்.

மருந்து ஆய்வில் ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அல்சைமர் நோய்க்கு 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது; பெரும்பாலோருக்கு வெளியே அறிகுறியே இல்லை. ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று ஸ்கேன் நாளைத் தவறவிடுகிறவருக்குத்தான் ஆபத்து. விலக நினைத்தால் எந்த நாளும் விலகலாம், உங்கள் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வராது. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஆகவே ஐயா, அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு உங்கள் மேசைக்கு வந்தால், பதிவு எண்ணோடு மருந்து உண்டா இல்லையா, எத்தனை தடவை வர வேண்டும், பஸ் கட்டணமும் இழந்த கூலியும் தருவார்களா என்பதையும் கேட்டு அச்சிடுங்கள். பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ துணைக்கு ஒருவரோடு வந்து போனால் இரண்டு பேரின் கூலி போகிறது. கைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்றும் போடச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து கூப்பிடுகிறவருக்கு மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
மூளை நல ஆய்வுகளின் களப்பணியாளர்கள் சிலர்,
வேலூர்.