அந்த ஃபேனைக் கழற்றிவிடாதே

போடிநாயக்கனூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாளைக்கு அவரை வரவிடாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டார், எனக்குத் தெரியும். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்த செய்தியை இங்கே தெருவுக்கே சொல்லிவிட்டாள் உன் அக்கா. நாங்கள் எல்லோரும் சுகம். தோட்டத்தில் இந்த வருஷம் ஏலச் செடிகளில் காய்ச்சரம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஏலக்காய் விலைதான் வாரத்துக்கு ஒரு மாதிரி. அதை எழுத ஆரம்பித்தால் வேறு எதுவும் எழுத முடியாது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது அந்தக் கடைசிப் பத்திதான். உன் டொயோட்டா குவாலிஸில் ரேடியேட்டர் ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை, அதைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு சின்னக் காரின் எலெக்ட்ரிக் ஃபேனை மாட்டிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே. நீ ஏற்காடு ஏறுகிறவன். 20 கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய ஆட்கள், செகண்ட் கியர். அந்த வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து குளிர்விக்கும் என்று நம்ப முடியாது; ஃபேன் இழுக்கிற காற்றுதான் இன்ஜினைக் காப்பாற்றும். 2.4 லிட்டர் டீசல் இன்ஜினுக்குச் சின்னக் காரின் ஃபேன் எப்படிப் போதும்? சத்தம் போய்விடும், சரி. அப்புறம் ஒரு நாள் பாதி மலையில் இன்ஜின் கொதித்து சிலிண்டர் ஹெட் போகும்.

என் வண்டியிலும் போன கோடையில் இதே தொல்லை வந்தது. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே வயது. 15 வருஷம் தாண்டி ஆர்.சி. புதுப்பித்து ஓட்டுகிற வண்டிகள். இந்த வயதில் சத்தம் வருவது ஆச்சரியமில்லை. எது சத்தம் போடுகிறது, ஏன் போடுகிறது என்று பார்க்காமல் கையில் ஸ்பேனரை எடுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

அந்த ஃபேன் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெல்ட்டில் நேராகச் சுற்றுவதில்லை. வாட்டர் பம்ப் புல்லிக்கும் ஃபேனுக்கும் நடுவில் உருண்டையாக, மேலே வரிவரியாக அலுமினியத்தில் ஒன்று இருக்கிறதே, அதுதான் விஸ்கஸ் கிளட்ச். உள்ளே கெட்டியான சிலிக்கான் ஆயில். முன்பக்கம் நடுவில் இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த ஒரு சுருள் தகடு இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்று சூடாக இருந்தால் தகடு திரும்பி வால்வைத் திறக்கும், ஆயில் உள் அறைக்குப் பாயும், கிளட்ச் பிடித்துக்கொள்ளும், ஃபேன் முழு வேகத்தில் இரையும். காற்று குளிர்ந்ததும் ஆயில் திரும்பிப் போகும், ஃபேன் வழுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் பவர் எட்டு மடங்கு. தேவையில்லாதபோது அந்த டீசலை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஆகவே ஃபேன் இரைந்தாலே ஃபேன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இரைந்துவிட்டு அடங்கினால் அது இயல்பு. ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயில் உள் அறைக்கு இறங்கியிருக்கும், ஓட ஓட வெளியேறும். சூட்டில் இரைந்து, சூடு தணிந்ததும் அடங்கினாலும் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினிலும் சரி, தேனி ரோட்டில் சமதளத்தில் போகும்போதும் சரி, எந்நேரமும் ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து இரைச்சல் ஏறி இறங்கினால்தான் கிளட்ச் உள்ளே இறுகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

என் வண்டி போடிமெட்டு ஏறும்போது மட்டும் இரைந்தது. வளைவுகள் 17. முன்பெல்லாம் பாதி தூரம் போனபிறகு கொஞ்சம் கேட்கும், மேலே போய் நிறுத்தினால் அடங்கிவிடும். போன கோடையில் மூன்றாவது நான்காவது வளைவிலேயே ஆரம்பித்து, மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. ஹீட் முள் நடுவிலேயே இருந்தது. முள் சரியாக இருக்கிறது, ஆகவே ஃபேன் கிளட்ச்தான் கோளாறு, மாற்றிவிடுங்கள் என்றார்கள் இங்கே பட்டறையில். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபேன் முழு மூச்சில் காற்றை இழுப்பதால்தானே முள் நடுவில் நிற்கிறது? கீழே இறங்கினால் அடங்குகிற கிளட்ச் எப்படி இறுகிப்போன கிளட்ச் ஆகும்?

சரி, காற்று வரும் வழியைப் பார்ப்போம் என்று ரேடியேட்டரைக் கழற்றச் சொன்னேன். வெளியிலிருந்து கிரில் வழியாகப் பார்த்தால் ஏசி கண்டன்சர் பளிச்சென்று இருக்கும்; ஒவ்வொரு முறை கழுவும்போதும் தண்ணீர் அங்கேதான் படுகிறது. அதற்குப் பின்னால், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற இரண்டு விரல் இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை. ரேடியேட்டர் வெளியே வந்ததும் தெரிந்தது. எங்கள் ஊர் இலவம்பஞ்சு! பங்குனி சித்திரையில் காய் வெடித்தால் ரோடெல்லாம் பஞ்சு பறக்கும், பஞ்சுப் பேட்டைப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். அது வருஷக்கணக்கில் உள்ளே போய், செம்மண் புழுதியோடும் பூச்சி இறக்கையோடும் சேர்ந்து அமுங்கி, ரேடியேட்டரின் முகத்தில் பழைய ஜமக்காளத் துண்டு போல ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அப்படியே உரிந்து வந்தது. கீழ்ப்பாதி முழுவதும் அடைப்பு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தோம். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுவர விடவில்லை. அந்த மெல்லிய தகடுகள் மடங்கினால் அதுவே புது அடைப்பு. கண்டன்சரைத் தொடவில்லை, ஏசி கேஸ் இறக்கவும் வேண்டியிருக்கவில்லை.

மாட்டி மேலே ஏற்றினேன். மலை இரைச்சல் போயே போய்விட்டது. ஆனால் அது இவ்வளவு நாள் மூடி வைத்திருந்த வேறொரு சத்தம் இப்போது காதில் விழுந்தது. வண்டி நின்று இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது கர்ரென்று அடியிலிருந்து ஒரு உறுமல். காற்றிரைச்சல் இல்லை, இரும்பு அரைகிற சத்தம்.

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கவனமாகப் படி, உனக்கும் உதவும். இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஆறியபிறகு ஃபேன் இறக்கையின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஆட்டம் இருந்தது. ஆட்டம் கிளட்சிலா, பம்பிலா? அதற்குப் புல்லியைப் பார்க்க வேண்டும். ஃபேன் மட்டும் ஆடி, புல்லி அசையாமல் இருந்தால் கிளட்ச் பேரிங். ஃபேனோடு புல்லியும் சேர்ந்து ஆடினால் வாட்டர் பம்ப் பேரிங். என்னுடையதில் புல்லியும் ஆடியது. பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள் சீல் தேய்ந்தால் கூலண்ட் அது வழியாகக் கசியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஓட்டைக்குக் கீழே பச்சையாகக் காய்ந்த தடம்.

இன்னும் சந்தேகமிருந்தால் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிஷம் மட்டும் ஓடவிடலாம். சத்தம் நின்றால் பெல்ட்டில் சுற்றுகிறவற்றில் ஒன்றுதான் காரணம். அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தண்ணீர் சுற்றாது. அந்த நிலையில் வண்டியை நகர்த்தவும் கூடாது. நம் இன்ஜினில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, பெல்ட் இல்லாவிட்டால் பிரேக் கல்லாக இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொன்றின் உடம்பிலும் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற பழைய முறை இருக்கிறதே, அதுவும் நல்லதுதான். ஆனால் சுற்றுகிற ஃபேனுக்குப் பக்கத்தில் அதை உன் மெக்கானிக் செய்யட்டும், நீ செய்யாதே. தோளில் துண்டோடு பானெட்டுக்குள் குனிகிற பழக்கம் உனக்கு உண்டு, அதையும் விடு.

பம்பையும் பெல்ட்டுகளையும் மாற்றினோம், இன்ஜின் சூட்டுக்குத் தக்கபடி கூலண்டைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டையும் அதோடு சேர்த்து முடித்துக்கொண்டேன். பேரிங் முழுக்கப் போயிருந்தால் ஃபேன் முன்னால் சாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். அந்த உறுமல் கேட்ட பிறகு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

உன் வண்டிக்கு இதே காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊரில் இலவம்பஞ்சு இல்லாவிட்டாலும் லாரிப் புழுதி இருக்கிறது. நீ எழுதியதில் ஒரு வரி என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது: "ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் சரக்கென்று உரசுகிறது." அது ஃபேனைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூண்டில் இறக்கை தட்டுகிற சத்தமாக இருக்கலாம். கூண்டின் உள்விளிம்பில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பார். இருந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கி இன்ஜின் கீழே உட்கார்ந்துவிட்டது. மவுண்டிங்கை மாற்றினால் ஃபேன் தானாக நடுவுக்கு வரும். கூண்டை அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.

உரசியிருந்தால் இறக்கைகளையும் பார்த்தே ஆக வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு இறக்கையின் அடியையும், நடு வட்டத்தோடு சேர்கிற இடத்தில் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். சூட்டில் வருஷக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் அங்கேதான் முதலில் கீறும், முடி அளவுக்கு ஒரு கோடு. ஒரே ஒரு இறக்கையில் அப்படிக் கோடு இருந்தாலும் ஃபேனை மாற்றிவிடு. ஒட்டுகிற வேலை வேண்டாம். ஓடும்போது பிய்ந்தால் பானெட்டையே துளைக்கும்.

கிளட்சைப் பார்ப்பது சுலபம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபேனைக் கையால் சுற்றினால் லேசான பிடிப்போடு சுற்றி உடனே நிற்க வேண்டும். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் போய்விட்டது. நடுவிலிருந்து எண்ணெய்ப் புழுதி சிதறிய தடமும் இருக்கும். அப்படிப்பட்ட கிளட்ச் சத்தமே போடாது, ஆனால் மலையில் வண்டியைக் கொதிக்க வைக்கும். சத்தம் போடுகிற கிளட்சைவிட அது மோசம். கையால் சுற்றவே முடியாத அளவு இறுகியிருந்தால் நேராக மாற்றிவிடு. கழற்றினால் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்த மாதிரியே நிமிர்த்தி வைக்கச் சொல். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஆயில் பேரிங் வழியாகக் கசிந்து நல்ல கிளட்சும் வீணாகும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிறாயா இன்னும்? சேலத்து உப்புத் தண்ணீர் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிந்தால் வெளியே எவ்வளவு சுத்தம் செய்தும் பிரயோஜனமில்லை. கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே. இது உனக்குத் தெரியும், வண்டி ஓட்டுகிற பையனுக்குச் சொல்லி வை.

இந்த வாரமே சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. காலையில் முதல் ஸ்டார்ட், நன்றாகச் சூடான பிறகு, ஏசி போட்டு, ஏசி இல்லாமல். பட்டறையில் விடுவதற்கு முன் நான் கேட்டுவிடுகிறேன். வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாய், அந்த வண்டியிலேயே வாருங்கள். பம்ப் புல்லி ஆடினாலோ இறக்கையில் கீறல் இருந்தாலோ அங்கேயே சரிசெய்துவிட்டுக் கிளம்பு. கிளட்ச் மட்டும்தான் பிரச்சினை என்றால் என்னிடம் சொல், நல்ல பார்ட்ஸ் கிடைக்கிற கடை மதுரையில் தெரியும், வாங்கி வைக்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு என் வணக்கம். அவருக்குப் பிடித்த எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சை ஏலக்காய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்