பால் கணக்கு நிரலின் சிக்னல் சோதனைக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் எடையையும் கொழுப்பு அளவையும் கருவிகளிலிருந்து படித்துப் பதிந்துகொள்ளும் சிறு நிரல் ஒன்றை நான் சி மொழியில் எழுதிப் பராமரித்து வருவதை நீங்கள் அறிவீர்கள். லினக்ஸ் இயங்குதளம் அனுப்பும் சிக்னல்களை (நில், முடி என்பது போல, ஓடும் நிரலுக்கு வரும் சிறு அறிவிப்புகளை) அந்த நிரல் எப்படி எதிர்கொள்கிறது என்று சோதிப்பதற்காகக் கடந்த சில வாரங்களில் உங்கள் நேரத்தை நிறையவே எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால், யார் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, சங்கத்தின் கணினியில் பதிவு செய்யும் அக்காவுக்கு. ஒரு நாள் காலைக் கணக்கில் பதினோரு பேர் ஊற்றிய பால் பதிவாகவே இல்லை. நிரல் பதிவுகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, ஐம்பது ஆனதும் மொத்தமாக வட்டில் எழுதும். இடையில் நிறுத்தினால் மிச்சத்தை எழுதிவிட்டுத்தான் நிற்கும் என்று நம்பியிருந்தேன். கன்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்இன்ட்டுக்கும், கில் கட்டளை வழக்கமாக அனுப்பும் சிக்டெர்முக்கும் ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் சிறு பகுதி, எழுதியிருந்தேன். அக்காவோ, "நான் எதையும் அழுத்தலை தம்பி, மூலையில இருக்கிற பெருக்கல் குறியைத் தட்டி ஜன்னலை மூடினேன், அவ்வளவுதான்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஜன்னலை மூடினால் அதில் ஓடும் நிரலுக்கு வருவது சிக்ஹப். தொலைபேசி வழி இணைந்த முனையங்களின் காலத்தில், இணைப்பு அறுந்ததைத் தெரிவிக்க ஏற்பட்ட சிக்னல் அது. அதற்கு ஹேண்ட்லர் இல்லாத நிரல் அந்தக் கணமே செத்துவிடும். என்னுடையது அப்படித்தான் செத்திருக்கிறது.

மூன்று சிக்னல்களுக்கும் சோதனை எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. டெர்மினலில் கையால் ஓட்டினால் சிக்இன்ட்டுக்கு ஒழுங்காக நிற்கும் நிரல், சோதனை ஸ்கிரிப்ட்டின் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பின்) வழியே ஓட்டினால் அசையவே மறுத்தது. இரண்டு இரவுகள் ஹேண்ட்லரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவி, நிரலைத் தொடாமல், ஓடும் நிரல்களின் நிலையை லினக்ஸ் காட்டும் பிராக் கோப்புறையில் அந்த பிராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, புறக்கணிக்கப்படும் சிக்னல்களைக் காட்டும் வரியைச் சுட்டிக்காட்டினார். பதினைந்து சுழியங்களுக்குப் பின்னால் ஓர் 6 நின்றது. அந்த வரியில் முதல் சிக்னலுக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என மதிப்பு இரட்டிப்பாகும்; 6 என்பது 2-உம் 4-உம். அதாவது இரண்டாம் எண் சிக்னலான சிக்இன்ட்டும் மூன்றாம் எண்ணான சிக்குவிட்டும் தொடக்கத்திலேயே புறக்கணிப்பில் இருந்தன. ஸ்கிரிப்ட்டுக்குள் ஒரு நிரலைப் பின்னணியில் தொடங்கினால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் இந்த இரண்டையும் அணைத்துவிட்டே தொடங்குகிறது. அந்த நிலை, புது நிரலை ஏற்றி ஓட்டும் எக்ஸெக்கைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தாய் பிராசஸ் புறக்கணிக்கச் சொன்ன சிக்னலுக்கு ஹேண்ட்லர் போடக் கூடாது என்ற பழைய யூனிக்ஸ் மரபை என் நிரல் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. பிழை முழுக்க முழுக்கச் சோதனையில்தான் இருந்தது. இப்போது எக்ஸெக்குக்கு முன்பே சிக்னல்களை இயல்பு நிலைக்குத் திருப்பும் சிறு துணை நிரல் ஒன்றின் வழியாகத்தான் சோதனையைத் தொடங்குகிறேன். தங்கையே, அந்த இரண்டு இரவுகளை நீங்கள் முன்பே வந்து மிச்சப்படுத்தியிருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றுகிறது.

என் முன்னாள் அலுவலக நண்பர் சோதனைகளைப் படித்துவிட்டு ஒரே வரிதான் எழுதி அனுப்பினார்: "நின்றதா என்று பார்க்கிறாய், எப்படி நின்றது என்று பார்க்கவில்லையே." நிரலைத் தொடங்கி, ஒரு விநாடி காத்திருந்து, சிக்டெர்ம் அனுப்பி, பிராசஸ் மறைந்தால் வெற்றி என்று நான் எழுதியிருந்தேன். மெதுவான கணினியில் ஹேண்ட்லர் அமைவதற்கு முன்பே சிக்னல் போய்ச் சேர்ந்து, நிரல் எதையும் எழுதாமல் இறந்தாலும், என் சோதனை அதை வெற்றியாகவே கணக்கில் வைத்துக்கொண்டிருந்தது. ஷெல் தரும் முடிவு எண் 143 என்றால் 128-உடன் சிக்டெர்மின் எண்ணான 15 சேர்ந்தது, சிக்னலே கொன்றுவிட்டது என்று பொருள். 0 வந்தால்தான் நிரல் தானாக முடித்துக்கொண்டது. அவர் சொன்னபடி, நிரல் தயார் என்று பைப்பில் (இரு நிரல்களை இணைக்கும் குழாயில்) ஒரு பைட் எழுதும் வரை சோதனை காத்திருக்கிறது; பிறகு முடிவு எண்ணையும் வட்டில் உள்ள வரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே சரிபார்க்கிறது.

ஹேண்ட்லருக்குள், திரையில் எழுதும் பிரின்ட்எஃப் போட்டிருந்ததைக் கண்டித்த எங்கள் பேராசிரியருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நிரல் பிரின்ட்எஃப்பின் நடுவில் இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் அதையே அழைத்தால், பாதியில் நிற்கும் அதன் உள் நிலை குழம்பி, எழுதியது சிதையலாம், நிரல் சிக்கி நிற்கவும் கூடும். சோதனையில் அது எப்போதோ ஒருமுறைதான் சிக்கியது. அதை நான் கணினியின் கோளாறு என்று ஒதுக்கியிருந்தேன்.

கடைசியாக, சங்கத்தின் செயலாளர் ஐயாவுக்கு. விடுபட்ட பதினோரு பேரின் கணக்கைத் தம் கையெழுத்து நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்து, யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன என்று நான் பெருமையோடு காட்டியபோது, "கரண்ட் போனா எந்த சிக்னல் வரும்?" என்று கேட்டார். எதுவும் வராது. நிரலைக் கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 அடித்தாலும் ஹேண்ட்லருக்கு வாய்ப்பே கிடையாது. அன்று மாலையே ஐம்பதைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் எஃப்சிங்க் செய்து வட்டில் சேர்க்குமாறு மாற்றிவிட்டேன். சிக்னல் ஹேண்ட்லர்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் வேலை, வேளைக் கணக்கின் மொத்தத்தை எழுதி முடிப்பதும், எடைக் கருவியின் போர்ட்டைப் பூட்டு நீக்கி விடுவதும்தான். அவற்றுக்கான சோதனைகள் அப்படியே இருக்கின்றன, ஐயா. கரண்ட்டுக்கான சோதனையை மட்டும் பிளக்கைப் பிடுங்கிச் செய்து பார்த்தோம்.

நன்றியுடன்,
நிரலை எழுதியவன்