மூச்சுப் பயிற்சியும் வீடு தேடி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிய எண்கள் வரிசையாக இருக்கின்றன. 7, 8, 8, 10, 9, 12 என்று போய் 21-இல் நிற்கிறது. போன வாரம் வந்த சொந்தக்காரர் ஒருவர் பால் கணக்கா என்று கேட்டார். அது என் வீட்டுக்காரர் கையை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார் என்ற கணக்கு.

பென்னாகரம் வட்டத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்பூச்சி வளர்க்கிறோம். அவருக்கு வயது 58. போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தார், நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வைரஸ் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். 11 நாள் ஆஸ்பத்திரி, அதில் 6 நாள் ஆக்சிஜன். ஆளை உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. என் வருத்தமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது பற்றித்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று மாத்திரை எழுதியிருந்தது. "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கம்மா" என்று வாயால் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். நான், மாமியார், பார்க்க வந்த அக்கம்பக்கம் எல்லோருமாகச் சேர்ந்து அவரை ஐந்து வாரம் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. எழுந்தால் "எதுக்கு எழுந்திருக்கீங்க?" என்று அதட்டல். தண்ணீர்ச் செம்பைக்கூட நான்தான் வாயருகே கொண்டுபோவேன். அன்பு என்று நினைத்துச் செய்தோம். ஆடுசதை இரண்டும் துணி மாதிரி தொங்கிப்போனது. தலையில் மல்பெரிக் கட்டோடு வரப்பில் ஓடிய மனுஷன், குளியலறைக்குப் போய் வருவதற்குள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். காலையில் கட்டிலில் உட்கார வைத்துப் பார்ப்பேன், 96 காட்டும். சரி, நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நடந்து வந்த பிறகும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிப் பெண் ஒருவர் வருவார். தை மாதம் ஒருநாள் எங்கள் வாசலைத் தாண்டும்போது, மரத்தைப் பிடித்து நின்ற இவரைப் பார்த்துவிட்டார். "அப்பா, எத்தனை நாளா இப்படி வாங்குது?" என்று கேட்டபடியே விரலைத் தேய்த்துச் சூடாக்கினார். விரல் சில்லிட்டிருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டுமாம். மாட்டிப் பார்த்தால் 89. ஐந்து நிமிடம் உட்கார வைத்ததும் மறுபடி 96. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இத்தனை நாளும் அந்த 96-ஐ நம்பியல்லவா இருந்தேன்!

அவர் உடனே பயிற்சியை ஆரம்பித்துவிடவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் டாக்டரிடம் அனுப்பினார். எக்ஸ்ரே, இசிஜி பார்த்தார்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்ததால் காசநோய் இருக்கிறதா என்று சளியும் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. நடந்தால் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்த்துவிட்டு, அளவோடு செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் திண்ணையில் அந்த நாற்காலி வந்தது.

அந்தப் பெண் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். காய்ச்சல் போனாலும் நுரையீரல் ஆறுவதற்குச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை படுத்தே இருந்தால் கால் சதையும் மூச்சுவிடும் சதையும் இளைத்துவிடும். இளைத்த சதைக்கு அதே வேலையைச் செய்ய அதிக மூச்சு வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று பயந்து இன்னும் படுப்போம், இன்னும் இளைக்கும். பயிற்சி நுரையீரலில் உள்ள வடுவை அழித்துவிடாது. இருக்கிற மூச்சை வைத்து உடம்பு அதிக வேலை செய்யப் பழகும். நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை என்று இதற்குப் பேர். வழக்கமாக 6 முதல் 12 வாரம் கொடுப்பார்களாம்.

கார்த்திகைக்கு ஏற்றிய அகல் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். ஒரு முழம் தள்ளி ஏற்றி வைத்து, "மூக்கால மெதுவா இழுங்க, உதட்டைக் குவிச்சு ஊதுங்க. சுடர் சாயணும், அணையக் கூடாது" என்றார். எங்கள் ஆள் ஊதாங்குழலில் அடுப்பு ஊதுகிற ஊது ஊதினார், விளக்கு அணைந்தது. நாலு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை சுடர் அப்படியே ஒருபக்கம் சாய்ந்து நின்றது, நான் மனசுக்குள் எண்ணினேன், ஆறு எண்ணும் வரை நின்றது. உள்ளே இழுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும் என்பதுதான் கணக்கு. தோளைத் தூக்கித் தூக்கி மேல்மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அடிவயிறு எழும்ப மூச்சு விடப் பழகியதற்கு ஒரு வாரம் ஆனது.

பூச்சி மனைக்கு முன்னால் 30 மீட்டர் அளந்து இரண்டு கல் வைத்தோம். ஆறு நிமிடம் அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடக்க வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை நின்று நின்று 240 மீட்டர். எட்டு வாரம் கழித்து நிற்காமல் 405 மீட்டர். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, தலை சுற்றினாலோ அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். காய்ச்சல் அடித்தால் அன்றைக்குப் பயிற்சியே கூடாது. அப்புறம் சாப்பாடு. வயிறு முட்டக் களி தின்றால் மூச்சும் முட்டும். ஒரு உருண்டையை இரண்டு வேளையாக்கி, கூடவே முட்டையும் வேர்க்கடலையும் கொடுக்கச் சொன்னார். பூச்சி மனைக்கு பிளீச்சிங் பவுடர் அடிப்பதை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். வாசனை போன பிறகுதான் இவர் உள்ளே போகிறார்.

இத்தனைக்கும் எங்களுக்கு ஆன செலவு அந்த மீட்டர் ஒன்றுதான். நாற்காலி, கடிகாரம், அகல் விளக்கு, இரண்டு கல் எல்லாம் வீட்டில் இருந்தவை. ஆனால் அந்தப் பெண் எங்கள் வாசல் வழியாக வந்தது தற்செயல். பெரியம்மா வீடு அடுத்த தெருவில் இருந்திருந்தால் இவர் இன்னும் கட்டிலில்தான் கிடந்திருப்பார். இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. நிமோனியாவில் ஆக்சிஜன் வைத்து வீடு திரும்புகிறவர்களின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஆளை அனுப்பும் அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனால் போதும். கொரோனா சமயத்தில், 2020-லேயே, நோயிலிருந்து தேறுகிறவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய மூச்சு, உடற்பயிற்சிகளைப் படம் போட்டு உலக சுகாதார நிறுவனம் கையேடாகக் கொடுத்தது. அதுபோல ஒன்றை நம் பேச்சில் இரண்டு பக்கத்துக்கு அச்சடித்து டிஸ்சார்ஜ் சீட்டோடு குத்திக் கொடுக்கலாம். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் வாரம் இரண்டு தடவை கீழே இறங்கி வந்து பயிற்சி எடுத்துப் போவது நடக்கிற காரியமா? அவர்களுக்கு இது வீட்டுக்குத்தான் வர வேண்டும். "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்கிற டாக்டர்கள், எத்தனை நாள், அப்புறம் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதை அப்படியே செய்கிற ஜனங்கள்.

இந்தப் பட்டத்தில் கடைசிப் பருவப் புழுவுக்கு, அது ராப்பகலாகத் தின்கிற நேரத்தில், இவர் தானே தழை வெட்டினார். முன்பு தூக்கிய தழைக்கட்டில் பாதிதான், நடுவில் வரப்பில் ஒரு தடவை உட்கார்ந்தும் எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் கட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக மீட்டரை எடுத்து மாட்டினார். 93.

எங்கள் தெருக் கோடியில் ஒரு அம்மா போன வாரம்தான் நிமோனியா சரியாகி வீடு திரும்பியிருக்கிறார். நாளைக் காலையில் இவர் மீட்டரோடு அங்கே போகிறேன் என்கிறார். உட்கார வைத்து ஒரு தடவை, நடக்க வைத்து ஒரு தடவை பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதை டாக்டரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.