நூலகக் கருத்துக்கணிப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தேர்வு நெருக்கத்திலும் படிவத்தை முழுதாக நிரப்பித் தந்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதல் நன்றி. கேள்விகள் 22. ஒவ்வொன்றுக்கும் 'குறைந்தது இவ்வளவாவது வேண்டும்', 'இவ்வளவு இருந்தால் நிறைவு', 'இப்போது கிடைப்பது' என 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண். ஆக 66 முறை யோசித்திருக்கிறீர்கள். 2000-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் துணையோடு அமெரிக்காவில் தொடங்கிய, நூலகச் சேவையின் தரத்தை அளக்கும் லிப்குவால் முறை இது. இதற்கு அடிப்படையான, எந்தச் சேவையின் தரத்தையும் அளக்க உதவும் செர்வ்குவால் முறையை வகுத்த மூவரில் ஒருவரான பரசுராமன், சென்னை ஐஐடியில் படித்தவர்.

மூன்று மதிப்பெண் எதற்கு என்று பலரும் கேட்டீர்கள். 'கிடைப்பது 6' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தது 7 கேட்கும் இடத்தில் 6 என்றால் அது உடனே கவனிக்க வேண்டிய குறை. 4 போதும் என்கிற இடத்தில் அதே 6 தாராளம். பணத்தை எதில் முதலில் போடுவது என்பதை இந்த இடைவெளிதான் சொல்கிறது.

புள்ளியியல் துறையினரின் உழைப்பு பெரிது. சிலர் 'குறைந்தது' என்பதற்கு 8-ம் 'நிறைவு' என்பதற்கு 5-ம் போட்டுவிடுவார்கள். இப்படி 9 கேள்விகளுக்கு மேல் முரண்பட்டாலோ, 11-க்கு மேல் 'பொருந்தாது' என்றிருந்தாலோ அந்தப் படிவத்தை ஒதுக்குவது லிப்குவால் வழக்கம். ஒவ்வொரு படிவமாகப் பார்த்துச் சலித்தெடுத்துத் தந்தீர்கள். இளநிலை, முதுநிலை, ஆய்வாளர், ஆசிரியர் எனப் பிரித்தே சராசரி எடுத்தீர்கள். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால், எண்ணிக்கையில் குறைந்த ஆய்வாளர்களின் தேவை கணக்கிலேயே தெரிந்திருக்காது.

வகுப்புப் பிரதிநிதிகளே, விடுதிக் காப்பாளர்களே, படிவங்களை நூல் வழங்கும் மேசையில் மட்டும் வைத்திருந்தால் வழக்கமாக வருகிறவர்களின் கருத்துதான் கிடைத்திருக்கும். நூலகப் பக்கமே வராதவர்கள் ஏன் வருவதில்லை என்பது உங்களால்தான் தெரிந்தது.

கடைசியிலுள்ள வெற்றுக் கட்டத்தில் கைப்பட எழுதியவர்களுக்குத் தனி நன்றி. மின்னிதழ்களுக்கு மதிப்பெண் குறைந்தால் சந்தா போதவில்லை என்றே எண்ணத் தோன்றும். "ராத்திரி ஹாஸ்டல்ல எதுவும் ஓபன் ஆகல" என்ற ஒரு வரி காரணத்தைக் காட்டிக் கொடுத்தது. இதழ்கள் இருந்தன, ஆனால் வளாக இணையத்தில் மட்டுமே திறந்தன. வெளியிலிருந்தும் நுழைய வழி செய்த கணினி மையத்தாருக்கும், ஜன்னலோர மேசைகளுக்கு பிளக் பாயின்ட் போட்டுத் தந்த மின்பணியாளர்களுக்கும் எங்கள் நன்றி.

இரவு முழுதும் வாசிப்பறை கேட்டவர்களுக்கு: காவலுக்கு ஆள் அனுமதி கேட்டிருக்கிறோம். அதுவரை தேர்வு மாதங்களில் இரவு 10 மணி வரை திறந்திருக்க இசைந்த முதல்வருக்கு நன்றி. ஏற்ற கோரிக்கைகளும், ஏற்க இயலாதவையும் அவற்றின் காரணமும் நுழைவாயில் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன.

நன்றியுடன்,
நூலகரும் நூலகப் பணியாளர்களும்