கூடாரத்துக்கு வெறும் தரை போதும்

ஆசிரியருக்கு,

வட இலங்கையின் சுண்டிக்குளம் நீரேரிப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கும் பெடியள் பற்றி உங்கள் பத்திரிகையில் போன வாரம் வந்த இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். ஒருவர் அடியோடு தடை செய்யச் சொல்கிறார், மற்றவர் ஏசி அறைகளோடு விடுதி கட்டினால் ஊர் முன்னேறும் என்கிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அங்கே ஒரு ராத்திரி கிடந்து நனைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

போகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இதுதான்: "தறப்பாளுக்குள்ள கிடந்தது காணாதோ, இப்ப காசைக் குடுத்துப் போய்க் கிடக்க வேணுமோ?" யுத்தத்தில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தைத்தான் சொன்னா. எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊரில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கதைக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி எங்காவது ஓர் இடத்தில் இடறத்தான் செய்யும்.

சரி, போனோம். மார்கழி விடுமுறை, நாலு பேர், இயக்கச்சியால் திரும்பி கட்டைக்காட்டுப் பக்கம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான இடம் அது, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால் எல்லைக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் காணியில் இறங்கினோம். காலையில் கண் விழித்ததும் பறவை தெரிய வேண்டும் என்ற ஆசையில் நீரேரிக் கரையிலிருந்து பத்து எட்டுக்குள் கூடாரத்தை அடித்துவிட்டோம். வலையோடு அந்த வழியால் வந்த பெரியவர் ஒருவர், "தம்பியவை, உதில வேண்டாம், அந்தப் பனையடிக்குப் போங்கோ" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம், எழும்பவில்லை.

ராத்திரி அங்கே ஒரு துளி மழையும் பெய்யவில்லை. இரண்டு மணியளவில் முதுகு குளிர்ந்து விழித்தேன், ரோச் அடித்துப் பார்த்தால் செருப்பு மிதக்கிறது. மழை பெய்தது எங்களுக்கு மேலே அல்ல, கிளிநொச்சிப் பக்கம். இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் இறங்கி இந்த நீரேரிக்குத்தான் வரும். அந்தப் பெரியவருக்குத் தெரிந்த இது, போனில் காலநிலை பார்த்துக்கொண்டு போன எங்களுக்குத் தெரியவில்லை. சாமானெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு கடைசியில் அதே பனையடிக்குத்தான் போனோம். விடிந்து பார்த்தால், கழுவாமல் வெளியே விட்ட மீன் ரின் முப்பது யார் தள்ளிக் கிடந்தது, மினுக்கி வைத்தது போல நக்கியிருந்தது, விளிம்பில் இரண்டு பல் ஓட்டை. நரி.

கரையில் கூடாரம் அடிப்பதால் நனைவது நாங்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. பொழுதுபட்டால் தண்ணீருக்கு வரும் சீவன்களுக்கும் அதுதான் பாதை, அங்கே நாலு பேர் நெருப்பு மூட்டிக்கொண்டு இருந்தால் அவை பற்றைக்குள்ளேயே காத்திருக்க வேண்டியதுதான். குறைந்தது இருநூறு அடி தள்ளிப் போக வேண்டும். மண்வெட்டி ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், எதற்கென்று கேட்காதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது மறுநாள் காலைதான். எதிர்க்கரையில் பூநாரைக் கூட்டம், தலையைக் கவிழ்த்துச் சொண்டைச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டு அரித்துத் தின்றுகொண்டு நின்றது. பெரிய ஸ்பீக்கரோடு வந்திருந்த வேறொரு கூட்டம் ட்ரோனை அதற்கு மேலே விட்டது. ஏன் தெரியுமா, நின்றால் வீடியோ வடிவில்லையாம், பறக்க வேண்டுமாம். பறந்தன. அன்று மத்தியானம்வரை திரும்பவில்லை. எவ்வளவோ தூரம் பறந்து களைத்து வந்து இங்கே வயிறு நிரப்பும் பறவை அது, அதற்கு எங்கள் விருந்தோம்பல் இப்படி.

ஆனாலும் இதற்காகத் தடை போட்டால் ஒளித்துப் போவார்கள், ஒளித்துப் போகிறவன் குப்பையையும் திருப்பிக் கொண்டுவர மாட்டான். விடுதி கட்டினாலோ ஜெனரேட்டரும் வெளிச்சமும் வருடம் முழுக்க நிற்கும். நான் கேட்பது கொஞ்சம்தான்: பூங்கா எல்லைக்கு வெளியே, கரையிலிருந்து தள்ளி, மேட்டில் இரண்டு மூன்று வெறும் தரைகளை அடையாளம் போட்டு விடுங்கள். ஒரு கிணறு, ஒரு மலசலகூடம், அவ்வளவுதான், சீமெந்துத் தளம் கூட வேண்டாம். ஊர் ஆள் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அவரோடுதான் போகலாம் என்று வையுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், எந்தப் பற்றைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத வடக்கில் இது சும்மா சொல்லும் பேச்சல்ல.

இந்த மார்கழிக்கும் போகிறோம், பனையடிக்கு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் அவவும் வாசிப்பா.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன்,
கொக்குவில்.