மஞ்சக் கடுதாசிக்குப் பிறகு

மன்னார்குடி,
மாசி 10

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. சம்பா அறுவடை ஓயட்டும் என்று தள்ளிப்போட்டேன். "வீட்டுச் செலவை இப்ப எப்படிடீ பிரிச்சுக்கறீங்க?" என்று கேட்டிருந்தாய். இங்கே வந்தவர்கள் எல்லாம் கடன் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

அறுவடை மிஷின் கதை உனக்குத் தெரியும். முதல் பெல்ட் வண்டி நன்றாக ஓடிய தெம்பில் இவர் இரண்டாவதையும் ஃபைனான்ஸில் எடுத்தார். 2021 ஜனவரி மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. அறுத்துக்கொடுத்த வாடகையை அந்த விவசாயிகளிடம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. அப்புறம் தொழிலில் அவர் எழுந்திருக்கவே இல்லை. வண்டி இரண்டும் போயின. டீசல் பாக்கியும் கைமாற்றும் மிச்சம். போன வருஷம் சப் கோர்ட்டில் திவால் மனு போட்டு மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். இன்னும் வாய்தாதான். 1920-ஆம் வருஷத்துச் சட்டமாம், 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை புருஷன் கடனுக்குப் பெண்டாட்டி சம்பளத்தைத் தொட முடியாது என்றார் வக்கீல். தாலியையும் சமைக்கிற பாத்திரத்தையும் ஜப்தி பண்ண முடியாதாம். நான் சொசைட்டிக் கடன் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் திவாலானாலும் ஜாமீன்தாரை விடமாட்டார்கள். மாசா மாசம் கட்டுகிறேன். மனையை முன்னாடியே என் பேருக்கு மாற்றியிருக்கலாமே என்று நாத்தனார் அங்கலாய்த்தாள். மனுப் போடுவதற்கு முந்தின 2 வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்ததைக் கோர்ட் ரத்து பண்ணிவிடும் என்றால் அவளுக்குப் புரியவில்லை. உன் வீட்டுக்காரர் கடையைப் பெரிசு பண்ணப்போவதாக எழுதியிருந்தாயே, பேப்பரை நீட்டினால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

மனுப் போட்ட பிறகு முதல் நாலு மாசம் வாடகை, மளிகை, பால், கரண்ட், சின்னவன் ஃபீஸ் எல்லாம் நானே கட்டினேன். நர்ஸ் சம்பளம்தான் வருகிறதே, என்ன கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். சித்திரையில் ஒரு மத்தியானம் சப்சென்டரிலிருந்து சீக்கிரம் திரும்பினால், பனியன் நனைய விசிறிமட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "கரண்ட் இல்லையா?" என்றேன். "இருக்கு" என்றார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதி வாரியாக ரீடிங் எழுதியிருந்தது. 2 மாசத்தையும் இலவச 100 யூனிட்டுக்குள் அடக்கப் பார்த்திருக்கிறார். வயிறு சரியில்லை என்று காபியை நிறுத்தியதும் இதே கணக்குதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி பெரிய சண்டை. இனிமேல் பாதிப்பாதி என்றார் வீம்புக்கு. பாதிக்கு எங்கே போவார், திரும்பவும் கைமாற்றுதானே? அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி என்று அக்கா மகன் ஒரு கணக்குப் போட்டுக்கொடுத்தான். தையில் கை நிறைந்து ஆடியில் காய்கிற தொழிலுக்கு மாசக் கணக்கு எப்படி ஒத்துவரும்? கடைசியில் பில்களைப் பிரித்துக்கொண்டோம். பால், சிலிண்டர், கரண்ட் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. இப்போது அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போகிறார். கோட்டூர் பக்கம் அறுத்துவிட்டு வந்தவர், ஆவணி வரைக்கும் பால் காசைப் பால்காரரிடம் முன்னாடியே கொடுத்துவிட்டார்.

அவர் பங்கில் நான் கைவைப்பதில்லை. ஐப்பசியில் சிலிண்டர் தீர்ந்து அவர் கையில் காசில்லை. கொல்லையில் விறகடுப்பு மூட்டி 3 நாள் சமைத்தேன். என் பர்ஸில் பணம் இருந்தது, அவருக்கும் தெரியும். நான் செய்தது நல்லதா கல்நெஞ்சமா என்று இன்னும் பிடிபடவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எழுது.

ஃபேன் இப்போது ஓடுகிறது. பென்சில் கணக்கும் நிற்கவில்லை.

பங்குனியில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு அவசியம் வா. பெருமாள் மேல் வீசுகிற வெண்ணெய் இந்த வருஷம் தன் கணக்கு என்று இவர் இப்போதே சொல்லிவிட்டார்.

உன்,
மல்லிகா