குடியிருப்பாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சிரமம் பாராது வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சங்க விதிகளின்படி கடந்த ஓராண்டின் நடவடிக்கைகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். பொங்கல் விழா வழக்கம்போல் கீழ்த்தளத்தில் நடைபெற்றது. தேசிய தினத்தை முன்னிட்டுக் கொடிகள் கட்டப்பட்டன. தீபாவளிக்கு முன் அனைவரும் கூடி உழைக்கும் கோத்தோங் ரோயோங் முறையில் கால்வாய் துப்புரவு செய்யப்பட்டது. செயலவைக் கூட்டங்களில் சில, போதிய உறுப்பினர் வராமையால் ஒத்திவைக்கப்பட்டன.

இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது துணி உலர்த்தும் அறையே. “துணி காயப்போடுவதெல்லாம் சங்கத்தின் வேலையா?” என்று செயலவையிலேயே கேட்கப்பட்டதால், சற்று விரிவாக விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவரை வாசலில் இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டினால் போதும். இங்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், மின்தூக்கியில்லாத ஐந்து மாடி மலிவுவிலைக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஆறேழு பேராக இருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுகிறது. மழையில்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதால், நிழலில் போட்ட துணி மறுநாளும் பிசுபிசுக்கிறது. பள்ளிக் காலணி 2021 முதல் கட்டாயமாகக் கறுப்பானதில் பெற்றோருக்கு ஒரு வெள்ளைப் பொருள் குறைந்தது. வெள்ளைச் சட்டை குறையவில்லை.

வெளியே நீட்டிக் காயப்போடலாம் என்பார்க்கு ஒன்று நினைவூட்டுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, ஒதுக்கப்பட்ட இடம் தவிர, எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு துணி தொங்கவிடக் கூடாது. ஒதுக்கப்பட்ட இடம் என்று நம் கட்டடத்தில் எதுவும் இருந்ததில்லை. ஆகவே துணிகள் படிக்கட்டுக் கைப்பிடிக்கு வந்தன. மூன்றாம் மாடிப் போர்வையின் நீர் இரண்டாம் மாடிப் பட்டுப்பாவாடையில் சொட்டியது. வழக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியது. சொட்டும் நீருக்காக வைத்த வாளிகளில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அபராதம் வீட்டுக்காரருக்கே வரும் என்பதையும் பலமுறை அறிவிப்பில் ஒட்டினேன். அறிவிப்பின் மேலேயே துண்டு தொங்கியது.

படுக்கையறையைச் சாத்திக்கொண்டு காயப்போடுவதும் வழியன்று. இயந்திரத்தில் பிழிந்த பின்னரும் ஒரு சுமைத் துணியில் இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் தங்கியிருக்கக்கூடும். அந்நீர் அறைக்காற்றில் கலந்து சுவரிலும் அலமாரியின் பின்புறத்திலும் படிந்து கரும்பூஞ்சையை வளர்க்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இது விளையாட்டல்ல. காசு போட்டு இயக்கும் டோபி எனும் சலவைக் கடைக்கு ஒவ்வொரு முறையும் சில ரிங்கிட் கொடுத்துக் கட்டுப்படியாகும் குடும்பங்கள் நம்மிடையே அதிகமில்லை.

இக்காரணங்களால், உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த கீழ்த்தளச் சேமிப்பறையைக் கேட்டு உரிய அலுவலகத்திற்கு எழுதினேன். பதில் வருவதற்குள் அக்கோப்பைப் பார்த்த அதிகாரி மாற்றலாகிச் சென்றார். புதியவருக்கு முதலிலிருந்து எழுதினேன். அனுமதி கிடைத்தபின், பழைய இரும்புக் குழாய்களைத் தேய்த்துச் சாயமடித்துக் குறுக்காகப் பொருத்தினோம். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்த மூத்த உறுப்பினர் ஒருவரின் யோசனைப்படி, குழாயில் சாணுக்கு ஒரு சிவப்புக் கோடு போடப்பட்டது. ரப்பர் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒட்டிய இடம் மட்டும் வெளுப்பாகவே நின்று பூஞ்சை பிடிக்கும். துணியும் அப்படித்தான் என்றார் அவர். கோட்டுக்கு ஒரு துணி என்பதே அறையின் முதல் விதி.

துணியை இரண்டு முறை பிழிந்தபின் கொண்டுவர வேண்டும். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, பைகளை இழுத்துவிட வேண்டும். நீளமானவை இரு ஓரங்களிலும் குட்டையானவை நடுவிலும் தொங்கினால் அடியில் காற்று ஓட இடமிருக்கும். சுவர் மின்விசிறி துணிகளின் கீழ்ப்பகுதிக்குக் குறுக்கே வீச வேண்டும். ஈரக்காற்று வெளியேற எதிர்ச்சன்னல் திறந்திருக்க வேண்டும். 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட் கூட ஆவதில்லை. மாலையில் போட்ட பள்ளிச் சட்டை காலையில் உடுத்தும் நிலையில் உள்ளது. ஜீன்ஸுக்கு அவ்வளவு உறுதி தர இயலாது. போர்வைகளுக்கு அனுமதியில்லை.

குழாயின் உயரத்தை முடிவு செய்ய அழைத்த கூட்டத்திற்கு நானும் தலைவரும் மட்டுமே வந்தோம். பொருத்திய மறுநாள் உயரம் அதிகம் என்று கூற வந்தவர்களின் எண்ணிக்கை அன்றே வந்திருந்தால் கூட்டம் களைகட்டியிருக்கும்.

விசிறியின் மின்கட்டணம் சந்தாவிலிருந்து செலுத்தப்படுகிறது. மாதச் சந்தா 5 ரிங்கிட். அதனை ஓராண்டாகச் செலுத்தாத சிலர், விடியுமுன் வந்து சன்னலோரக் குழாயை முழுவதுமாகப் பிடித்துக்கொள்கின்றனர். பெயர் குறிப்பிடுவது முறையன்று. நான்காம் மாடியில் உள்ளோர் அறிவர்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. அறைக்கான செலவில் ஒரு பகுதி நன்கொடையாகவும் ஒரு பகுதி கடனாகவும் கணக்கில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் கூறுவார். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவகத்திற்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டியிருப்பதால், அவர் விரைந்து முடிப்பார் என நம்புகிறேன். தலைவருக்கும், சாயமடித்த இளைஞர்களுக்கும், தேநீர் அளித்த மகளிர் பகுதியினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாவது விசிறி வாங்க வேண்டும். முதல் விசிறியின் கழுத்து ஏற்கெனவே ஆடத் தொடங்கியுள்ளது. நிலுவைச் சந்தா வந்தால் வாங்கலாம். வராவிட்டால் அறையை வாரத்தில் சில நாள்கள் பூட்டுவதைத் தவிர வேறு வழி செயலவைக்குத் தெரியவில்லை. செயலாளர் பொறுப்பில் தொடருமாறு சிலர் கேட்டுள்ளனர். அறையின் சாவியை மாலையில் வாங்கிக் காலையில் திறந்துவிட வீட்டுக்கொருவர் முறைவைத்து முன்வந்தால் அதுபற்றிச் சிந்திப்பேன். பெயர் பதிவுத்தாள் வாசல் மேசையில், சந்தாப் புத்தகத்தின் பக்கத்தில் உள்ளது.

இவ்வறிக்கையைக் கூட்டத்தின் ஏற்புக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்